ஸ்டேட் சாம்பியனா இருந்தா மட்டும் போதுமா? ஹைஸ்கூல் ஆல்-ஸ்டார் மல்யுத்த டீமுக்கு ஆள் எடுக்குறது எப்படி

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவுல ஹைஸ்கூல் மல்யுத்த சீசன் பிப்ரவரி, மார்ச்ல ஸ்டேட் மீட்டோட முடிஞ்சிரும். அதுக்கப்புறம் சிறந்த பசங்களைப் பொறுக்கி எடுத்து மோத விடுற ஆல்-ஸ்டார் மீட்னு நடத்துவாங்க. அங்க ஜெயிச்சா எந்த பட்டமும் சேராது, ஆனாலும் யாரை எடுக்குறதுங்கிறதுல வருஷா வருஷம் பெரிய வாக்குவாதம் நடக்கும்.

இதுல ரொம்ப பேர் போனது பிட்ஸ்பர்க்ல 1975ல ஆரம்பிச்ச டேப்பர் டான் கிளாசிக், இப்ப பிட்ஸ்பர்க் ரெஸ்லிங் கிளாசிக்னு சொல்றாங்க. ஒரு பக்கம் பென்சில்வேனியா டீம், எதிர்ல மத்த எல்லா ஸ்டேட்லயும் இருந்து பொறுக்கி எடுத்த டீம். ஒரே ஒரு ஸ்டேட் மொத்த நாட்டையும் எதிர்த்து இறங்குது, அந்த தைரியம் எனக்கு ரொம்ப பிடிக்கும்.

(திரையில்: 107ல இருந்து 285 பவுண்ட் வரைக்கும் வெயிட் கிளாஸ் பட்டியல்)

சரி, சாம்பியன்களை எடுத்தா முடிஞ்சுதேன்னு தோணும், ஆனா பென்சில்வேனியாவுல ஸ்கூல் சைஸை வச்சு ரெண்டு டிவிஷன் இருக்கு, அப்போ ஒவ்வொரு வெயிட்லயும் ரெண்டு சாம்பியன், டீம்ல இருக்குறது ஒரு இடம், அதுலயும் ட்வெல்த் முடிக்கிற சீனியர் பசங்களைத்தான் எடுப்பாங்க, ஜெயிச்ச பையன் லெவன்த் படிக்கிறான்னா அவனை விட்டுட்டு ரெண்டாவது மூணாவது வந்தவனைப் பார்க்கணும்.

அடுத்தது ரெக்கார்டு. 40 மேட்ச் ஜெயிச்சு ஒண்ணு தோத்தவன் ஒருத்தன், 30 ஜெயிச்சு எட்டு தோத்தவன் இன்னொருத்தன்னு வைங்க. முதல் ஆளைத்தான் எடுக்கத் தோணும். ஆனா அந்த எட்டு தோல்வியும் பெரிய டோர்னமெண்ட்ல டாப் பசங்க கிட்ட ஒரு பாயிண்ட் ரெண்டு பாயிண்ட்ல வந்ததுன்னா? நான் ரெண்டாவது பையனைத்தான் எடுப்பேன். எத்தனை ஜெயிச்சான்னு எண்ணுறதை விட யார் கூட மோதினான்னு பார்க்கணும்.

2017 பென்சில்வேனியா ஸ்டேட் ஃபைனலையே எடுத்துக்கோங்க. ஸ்பென்சர் லீ, அதுக்குள்ள மூணு தடவை ஸ்டேட் சாம்பியன், வயசுப் பிரிவு உலக பட்டமே மூணு வாங்கினவர், ஹைஸ்கூல்ல அதுவரைக்கும் ஒரு மேட்ச் கூட தோத்ததில்ல. முழங்கால்ல ஏசிஎல்ங்கிற தசைநார் கிழிஞ்ச நிலையில இறங்கினார். கடைசி செகண்ட்ஸ்ல ஆஸ்டின் டிசான்டோ ஒரு டேக்டவுன் போட்டு, அதாவது அவரைக் கீழ தள்ளி அமுக்கி, 6-5னு ஜெயிச்சுட்டார். ரிசல்ட் ஷீட்ல லீ இரண்டாவது இடம், அவ்ளோதான். டிசான்டோ கடைசி வரை விடாம போராடி வாங்கின பட்டம் அது, அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்த ஷீட்டை மட்டும் பார்த்து லீயை எடை போட்டா சரியா வருமா? அதே லீ 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல 57 கிலோவுல வெள்ளி வாங்கினார்.

(திரையில்: டாப் பொசிஷன், பாட்டம் பொசிஷன் படம்)

இன்னொண்ணு, இது பாக்க வர்றவங்களுக்கான மீட், அதனால ஜோடி பொருத்தம் முக்கியம். அங்க ஹைஸ்கூல்ல ஃபோக்ஸ்டைல்ங்கிற அமெரிக்க மல்யுத்த முறை தான். எதிராளியை மேட்டோட அமுக்கி மேல இருந்து கன்ட்ரோல் பண்றதுக்கு அதுல பெரிய மதிப்பு, கீழ இருக்குறவன் தப்பிச்சு எழுந்தா ஒரு பாயிண்ட். காலை உள்ள கோர்த்து ஒரு ரவுண்டோட ரெண்டு நிமிஷம் முழுக்க எழவே விடாத ஒருத்தனையும், இடுப்பைத் திருப்பி எப்படியும் எழுந்துடுற ஒருத்தனையும் எதிரெதிரா நிறுத்திப் பாருங்க, கூட்டம் சீட்ல உக்காராது. ரெண்டு பேருமே காத்திருந்து ஆடுறவங்கன்னா, எவ்ளோ பெரிய சாம்பியனா இருந்தாலும் ஆறு நிமிஷமும் சும்மா தலையோட தலை முட்டிக்கிட்டு நிப்பாங்க.

அப்புறம் வெயிட். சீசன் முடிஞ்சதும் பசங்க நல்லா சாப்பிட ஆரம்பிச்சிருவாங்க, அது நல்லதுதான். 1997ல வெயிட் குறைக்கப் போய் மூணு காலேஜ் ரெஸ்லர்கள் இறந்தாங்க. இப்ப ஹைஸ்கூல்ல பசங்களுக்கு உடம்புல 7 சதவீத கொழுப்புக்குக் கீழ போகக் கூடாது, வாரத்துக்கு 1.5 சதவீதத்துக்கு மேல எடை குறைக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு. அதனால ஆள் எடுக்குறவங்க முதல்ல பையனுக்கு போன் போட்டு இப்ப என்ன வெயிட்ல இருக்கேன்னு கேட்கணும், 133ல ஜெயிச்சவன் இப்ப 140 தாண்டி இருந்தா மேல் கிளாஸ்ல அவனுக்கு ஏத்த ஆளைத் தேடணுமே தவிர, ஒரு நாள் ஷோவுக்காக அவனைப் பட்டினி போடச் சொல்றது எந்த விதத்துலயும் நியாயமில்ல.

காயம், தோல்ல படர்தாமரை மாதிரி தொற்று, இதுல எதுவும் கடைசி நாள்ல கூட வரலாம், அப்போ ஒரு இடம் காலியாகும். அதனால ஒவ்வொரு வெயிட்டுக்கும் மாற்று ஆள்கிட்ட முன்னாடியே பேசி வச்சு, ப்ராக்டிஸை விட்டுடாதப்பான்னு சொல்லி வைக்கணும்.