மழை செதுக்கிய கடற்கரை

அன்பர்களே, வணக்கம். பினாங்கில் நின்றுகொண்டு சுண்ணாம்புக்கல் கடற்கரையைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். இந்தத் தீவின் மலைகள் கருங்கல் மலைகள். தண்ணீர்மலைக்குப் படியேறினாலும், பத்து ஃபிரிங்கி பாறைமேல் உட்கார்ந்தாலும், காலடியில் அதே கருங்கல்தான். சுண்ணாம்புக்கல் வேண்டுமென்றால் தெற்கே பத்துமலைக்குப் போகவேண்டும், இல்லையென்றால் வடக்கே லங்காவிக்கு. கடலும் வேண்டும் என்பதால் லங்காவிக்கே போவோம்.

லங்காவியின் கிளிமில் படகேறியவர்கள் பார்த்திருப்பீர்கள். அலையாத்திக் காட்டைத் தாண்டியதும் கடலிலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும் குன்றுகள். "அலை அடிச்சு அடிச்சு இப்படி ஆயிருக்கு" என்று படகில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் குன்றுகளைச் செதுக்கியது மழை. கடல் வந்து சேர்ந்தது ரொம்பப் பிந்தித்தான்.

கல் என்னவோ கடலில் பிறந்ததுதான். 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், ஆழமில்லாத கடலில் படிந்த சுண்ணாம்பு அது. பிறகு நிலத்துக்கு மேலே வந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. விரிசல் வழியே இறங்கிக் கல்லைக் கரைக்கிறது. விரிசல் அகன்று குகையாகும், குகையின் கூரை இடிந்து பள்ளமாகும். கரையாமல் மிஞ்சியதுதான் குன்று. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகத்தில், கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே கிடந்தது. மலாக்கா நீரிணையில் பெரும்பகுதி வெறும் தரை. லங்காவிக் குன்றுகள் இன்றைய ஈப்போக் குன்றுகளைப் போலச் சமவெளியில் நின்றன. பனி உருகியது, கடல் ஏறியது, குன்றுகள் தீவுகளாயின. வியட்நாமின் ஹாலோங் விரிகுடாவுக்கும் இதே கதைதான்.

சரி, கடலுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. தண்ணீர் ஏறி இறங்கும் மட்டத்தில் பாறையைச் சுற்றி ஓர் அடிக்குடைவு ஓடும், பார்த்திருப்பீர்கள். கடல்நீரில் சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைந்திருப்பதால், அது மழைநீரைப் போல எளிதில் கல்லைக் கரைப்பதில்லை. அங்கே உழைப்பது பெரும்பாலும் உயிர்கள். நுண்பாசி கல்லுக்குள் இறங்கி வளர்கிறது. அதை மேயவரும் நத்தை, பல்லால் பாசியோடு கல்லையும் சேர்த்துச் சுரண்டுகிறது. கல்லைத் துளைத்து உள்ளேயே குடியிருக்கும் சிப்பிகளும் உண்டு. வெப்பமண்டலத்தில் இப்படி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் போல உள்ளே போகும். அற்பம் என்று தோன்றும். ஆயிரம் ஆண்டில் அது ஒரு மீட்டர். கடைசியில் தாங்க அடி இல்லாமல், மேற்பாறை பழைய விரிசலோடு பிளந்து விழும். செங்குத்தான வெட்டுமுகம் அப்படி வந்தது.

கிளிமில் வௌவால் குகைக்குள் நுழைந்தால் சுவரை அண்ணாந்து பாருங்கள். இன்றைய அலை எட்டாத உயரத்தில் சிப்பி ஓடுகள் ஒட்டியிருக்கும். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல் இங்கே இன்றைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்து, அப்புறம் இறங்கியதற்கான சாட்சி.

நிலம் உயர்ந்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் நடந்தது அதுதான். கி.பி. 365 நிலநடுக்கம் தீவின் மேற்குப் பகுதியை 9 மீட்டர் வரை தூக்கிவிட்டது. ஆனால் அங்கே கிழக்கே போகப்போக, அப்படித் தூக்கப்பட்ட பழைய அடிக்குடைவின் உயரம் குறைந்துகொண்டே வருகிறது. நம் தீபகற்பத்தில் அப்படி ஒரே பக்கமாகச் சாயவில்லை. தாய்லாந்திலும் சிங்கப்பூரிலும்கூட அதே காலத்து உயர்ந்த கடலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அதனால் இங்கே அசைந்தது கடல்தான்.