குமிழியும் துவர்ப்பும்: ஒயினைச் சுவைத்து மதிப்பிடுதல்

நேயர்களுக்கு வணக்கம். ஒயினை மதிப்பிட உட்காரும்போது முதலில் ஏமாறுவது கண்தான். நுரைக்கும் ஒயினானாலும் சரி, இத்தாலியச் சிவப்பு ஒயினானாலும் சரி, பார்த்த மாத்திரத்தில் மதிப்பெண் போட்டுவிடாதீர்கள்.

குமிழியையே எடுத்துக்கொள்வோம். சரம் சரமாக எழும்பினால் உயர்ந்த ஷாம்பெயின் என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சரங்கள் பெரும்பாலும் கிளாஸின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் நுண்ணிய இழைகளிலிருந்து கிளம்புபவை. துடைத்த துணி விட்டுப்போன இழைகளாகவும் இருக்கலாம், காற்றில் வந்து படிந்தவையாகவும் இருக்கலாம். சோப்பு மிச்சம் இருக்கும் கிளாஸிலோ நல்ல ஒயினும் நுரையே இல்லாமல் கிடக்கும். ஆகவே கிளாஸை வெந்நீரில் நன்றாக அலசிக் கவிழ்த்து உலரவிடுங்கள். ஒடுக்கமான நீளக் கிளாஸைவிட, நடுவில் அகன்று மேலே குவியும் கிளாஸே நல்லது. அதில்தான் மணம் தங்கும்.

பாட்டிலை 8 முதல் 10 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவையுங்கள். ஷாம்பெயின் பாட்டிலுக்குள் 5, 6 வளிமண்டல அளவுக்கு அழுத்தம் இருக்கிறது. கம்பிக் கூண்டைத் தளர்த்திய நொடியிலிருந்து கட்டைவிரல் கார்க்கின் மேலேயே இருக்க வேண்டும். பாட்டிலைச் சாய்த்து, கார்க்கை இறுகப் பிடித்துக்கொண்டு, பாட்டிலை மட்டும் மெல்லத் திருப்புங்கள். டப்பென்று வெடித்தால் ஒயின் பொங்கி வழியும், வாயுவும் வீணாகும்.

கவனிக்க வேண்டியது வாய்க்குள் நுரை எப்படி விரிகிறது என்பதை. இத்தாலியின் லொம்பார்டி பகுதியில் செய்யும் நுரைக்கும் ஒயினான பிராஞ்சகோர்ட்டா, பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, குறைந்தது 18 மாதம் ஈஸ்ட் வண்டலோடு கிடக்க வேண்டும் என்பது விதி. அதனால் நுரை மெத்தென்று விரியும். சுட்ட ரொட்டியின் வாசனை வரும். இன்னொரு இத்தாலிய நுரைக்கும் ஒயினான புரோசெக்கோ பெரும்பாலும் அழுத்தத் தொட்டியில் நொதிப்பது. அதில் ரொட்டி வாசனையைத் தேடிக் குறை சொல்வது நியாயமே இல்லை. பேரிக்காய், பச்சை ஆப்பிள் மணம் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள், போதும். லேபிளில் ஒரு சிக்கல் உண்டு: 'புரூட்' என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை, 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்றால் 12 முதல் 17 கிராம், அதாவது பெயரில் 'ட்ரை' (இனிப்பற்றது) என்று இருந்தாலும் புரூட்டைவிட இனிப்பு. இனிப்பு கூர்மையான புளிப்பை மறைத்துவிடும். ஆகவே துப்பிய பிறகு நாக்கில் என்ன மிஞ்சுகிறது என்பதை வைத்து முடிவுசெய்யுங்கள்.

இனி சிவப்பு ஒயின். இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் செய்யும் பரோலோ, நெபியோலோ என்ற திராட்சையில் மட்டுமே செய்யப்படுவது. குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரத்தில் இருந்த பிறகுதான் விற்பனைக்கு வரும். கிளாஸில் பார்த்தால் வெளிறிய சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். மென்மையான ஒயின் என்றுதான் தோன்றும். வாயில் விட்டதும் ஈறுகள் இழுத்துக்கொள்ளும், நாவல்பழம் தின்ற பிறகு வாய் வறளுவதுபோல. நிறம் வெளிறியிருந்தாலும், துவர்ப்பைத் தரும் பொருளான டானின் குறையவில்லை.

சுவைக்கும்போது 16 முதல் 18 டிகிரியில் சுமார் 50 மில்லி ஊற்றுங்கள். சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை முகருங்கள். பிறகு ஒரு மிடறு, கொஞ்சம் காற்றை உறிஞ்சி ஈறுவரை சுழலவிட்டுத் துப்புங்கள். துவர்ப்பு மணல்போல் உரசுகிறதா, பட்டுப்போல் படிகிறதா என்று பாருங்கள். இன்னொரு இத்தாலியச் சிவப்பு ஒயினான கியாந்தி கிளாசிக்கோவில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சோவேசே திராட்சை. அதில் துவர்ப்பைவிடப் புளிப்பும் புளிப்புச் செர்ரி மணமும் முந்திக்கொள்ளும்.

டானின் உமிழ்நீரின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் துவர்ப்பு மிடறுக்கு மிடறு கூடிக்கொண்டே போகும். மூன்றாவதாக வரும் பரோலோ அநியாயமாகக் கடுமை என்று பெயர் வாங்கும். இடையில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் எடுத்து, ஒரு நிமிடம் பொறுத்து, பிறகு வரிசையை மாற்றி மறுபடி சுவையுங்கள். பாலாடைக்கட்டி மட்டும் வேண்டாம். அது துவர்ப்பை மழுக்கிவிடும்.

குறைகளைக் கண்டுபிடிக்க நேரம் கொடுங்கள். தீக்குச்சி உரசிய வாடையோ அழுகிய முட்டை வாடையோ வந்தால் சுழற்றிப் பாருங்கள், பல நேரம் போய்விடும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை போகாது. காற்றுப் பட்டால் இன்னும் தூக்கலாகத் தெரியும். அது கார்க்கினால் வந்த கேடு, அந்தப் பாட்டிலை ஒதுக்கிவிட்டு வேறொன்றைத் திறங்கள். இளம் பரோலோ இறுகிக் கிடந்தால் மட்டும் ஒதுக்காதீர்கள். கார்க்கை மூடி வைத்து மறுநாள் அதே கிளாஸில் ஊற்றி முகருங்கள். முதல் நாள் வராத ரோஜா மணம் அப்போது வரக்கூடும்.