மிஞ்சின பலகாரம் கேக்குக்குள்ள போகட்டும்: எங்கட பக்கத்து வாதம்

நடுவர் சேர், எங்கட அணி, எதிரணி, மறுகா இந்தப் புழுக்கத்திலயும் எழும்பிப் போகாம குந்தியிருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும்தானே, பண்டிகைக்கு மிஞ்சின இனிப்ப வீட்டில கேக் அடிக்கிறதுல போட்டு முடிக்கிறது கெட்டித்தனமா கஞ்சத்தனமா எண்டு. நான் கெட்டித்தனம் எண்டு சொல்ல வந்திருக்கன். எனக்கு முன்னால பேசின எதிரணி அக்கா மூண்டு குற்றம் சாட்டிட்டுப் போய் இருந்திட்டா. மிஞ்சினத அக்கம்பக்கத்துக்குக் குடுத்தா வேலை முடிஞ்சுது எண்டும், அரிசிமா, தேங்காய்ப்பால், சர்க்கரை போட்டுக் கிண்டின கொஞ்சத் தொதலக் காப்பாத்த பட்டரும் முட்டையும் கொட்டுறது நட்டம் எண்டும், பழசக் கேக்குக்குள்ள ஒளிச்சுக் குடுக்கிறது கள்ளத்தனம் எண்டும் சொன்னா.

அக்கா, அக்கம்பக்கத்துக்குக் குடுக்கிற கதைய மட்டக்களப்பில வந்து சொல்றீங்களே! சித்திரை வருசத்துக்கு நாங்க ஒரு வீட்டுக்குத் தட்டுக் குடுத்தா அந்த வீட்டுத் தட்டு எங்களுக்கு வரும், வெறுந்தட்டு ஆரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க. பெருநாளைக்குக் காத்தான்குடியில இருந்து மஸ்கற் அல்வா வரும், நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, புளியந்தீவில இருந்து கேக் வரும். போன வருசம் நான் அரிசிமாக் கலவையில அச்சுத் தோய்ச்சு எண்ணெயில சுட்ட கொக்கிஸ், அச்சில ஒரு இதழ் வளைஞ்சு கிடக்கிறதால பாத்த உடன தெரியும், அது ரெண்டு மூண்டு வீடு சுத்திப்போட்டு எங்கட வாசலுக்கே திரும்பி வந்திச்சு. கொண்டு வந்த பிள்ளை "அம்மா சுட்டது அன்டி" எண்டு சிரிக்குது, நானும் நன்றி சொல்லி வாங்கி வச்சன், வேற என்ன செய்ய? குடுக்கக் குடுக்கக் குறையாத சாமான் ஒண்டு இருக்கெண்டா அது வருசத்துப் பலகாரம்தான்.

கேக்குக்குள்ள இனிப்புப் போடுறது என்னமோ புதுப் பைத்தியம் மாதிரி அக்கா பேசினா. நத்தார் கேக்குக்குள்ள என்ன கிடக்கு? ரவை, கஜுப் பருப்பு, பிளம்ஸ் எண்டுற காஞ்ச திராட்சை, அதோட பூசினித் தோசி, இஞ்சித் தோசி. பூசினித் தோசி எண்டா என்ன நடுவர் சேர், நீத்துப் பூசணியச் சீனிப்பாகில காய்ச்சின இனிப்புத்தானே! கடையில காசு குடுத்து வாங்கி வெட்டிப் போட்டா அது றிச் கேக், வீட்டில கிடக்கிற தொதல வெட்டிப் போட்டா மட்டும் கஞ்சத்தனமா?

சரி, நட்டக் கணக்குக்கு வாறன், அக்கா பிழைக்கிற இடம் இதுதான். தொதலுக்காக ஆரும் கேக் அடிக்கிறதில்ல, பிள்ளைட பொறந்தநாள் வருது, ஆரும் பாக்க வருகினம், எப்படியும் அடிக்கத்தான் போறம். 2022இல 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாக்குப் போன நேரத்திலயும் இந்த ஊரில பொறந்தநாள் கேக் நிக்கல்லயே. அடிக்கிற கேக்கில என்னத்தக் குறைக்கலாம் எண்டதுதான் கேள்வி. பட்டர் கேக்குக்கு மா, சீனி, பட்டர் மூண்டும் 250 கிராம், 5 முட்டை எண்டு வைங்க. 200 கிராம் தொதல் போடுறதெண்டா சீனியில 100 கிராமக் குறைங்க, தொதலுக்குள்ள அது கிடக்கு. மஸ்கற் எண்டா பட்டரையும் கொஞ்சம் குறைக்க வேணும், இல்லாட்டி கேக் எண்ணெய் கக்கும். பயத்தம் உருண்டைய உதிர்த்து மாவில கால்வாசிக்குப் போடலாம், அதுக்கு மேல போட்டா பயத்தம் மா ஒட்டிப் பிடிக்காது, கேக் வெட்டேக்க உதிர்ந்து கொட்டும். கொக்கிஸ இடிச்சு உருக்கின பட்டரில பிசைஞ்சு தட்டில அமத்தினா பிஸ்கட் புடிங்குக்கு அடி ரெடி. வீட்டில கிடக்கிறத எண்ணாம மேலால கொட்டுறவங்களுக்குத்தான் நட்டம், அவங்க எதிரணிக்குப் போகட்டும், எங்களுக்கு வேணாம்.

அடுத்தது சொக்லேட். சுவிஸில இருந்தும் கனடாவில இருந்தும் சூட்கேஸில வாறது, பிள்ளைகள் ரெண்டு நாள் தின்னும், மறுகா அலுமாரிக்குள்ள கிடக்கும். ஒரு மாசத்தால திறந்து பாத்தா மேலால வெள்ளையா படிஞ்சிருக்கும், உடன "பூஞ்சணம் பிடிச்சிட்டு" எண்டு குப்பைக் கூடைக்குள்ள. நில்லுங்க! சொக்லேட்டில இருக்கிற கொக்கோக் கொழுப்பு 34 பாகை செல்சியஸ் அளவிலயே இளகிடும், எங்கட ஊர் மத்தியான வெக்கைக்கு அது காணும். இளகித் திரும்ப இறுகேக்க கொழுப்பு மேல வந்து வெள்ளையா நிக்குது, அவ்வளவுதான், தின்னலாம், ஒண்டும் செய்யாது. பூஞ்சணம் எண்டா பஞ்சு மாதிரி மயிரோட நிக்கும், அத வீசுங்க. வெள்ளை பூத்த சொக்லேட்டுக்கு கேக்க விட நல்ல இடம் இல்ல, உருக்கினா அந்த வெள்ளை போன இடம் தெரியாது. சட்டியில தண்ணியக் கொதிக்க விட்டு மேல கோப்பைய வச்சு பட்டரோட உருக்குங்க, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போனாலும் சேறு மாதிரித் திரண்டிடும், ஈரக் கரண்டி வைக்காதீங்க.

டொபிக்கு மட்டும் நான் கொஞ்சம் இறங்கி வாறன். கட்டி டொபிய முழுசா போட்டா அது கேக் வேகிற அவன் அடுப்புக்குள்ள உருகி அடிக்கு இறங்கி தட்டோட ஒட்டிக் கல்லாகிடும், கத்தியே உடையும். இடிச்சுப் போடுங்க, இல்லாட்டித் தேத்தண்ணிக்குக் கடிச்சிட்டு இருங்க. தொதலும் அப்படித்தான், சின்னனா வெட்டி மாவில பிரட்டி, அரைவாசிக் கலவை ஊத்தினதுக்குப் பிறகு தூவினா அடியில போய் படுக்காது.

கள்ளத்தனம் எண்டதுக்கு வாறன். எண்ணெய் காறின முறுக்கையும் கெட்டுப்போன பால் இனிப்பையும் கேக்குக்குள்ள தள்ளுறதக் கள்ளத்தனம் எண்டு சொன்னா நானும் கை தட்டுறன், காறல் வாசம் அவன் அடுப்புக்குள்ள போனாலும் போகாது, வீட்டையே நாறடிக்கும். ஆனா நல்லாக் கிடக்கிறத, இன்னும் தின்னலாம் எண்டதத்தானே நாங்க போடுறம். என்ன போட்டிருக்கு எண்டு வாயத் திறந்து சொல்லிப்போட்டுக் குடுங்க, கஜு, கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கும், அதுக்காகவும் சொல்லத்தான் வேணும். சொன்ன பிறகு அதில ஒளிவு எங்க இருக்கு அக்கா?

மணி அடிச்சிட்டாங்க. நடுவர் சேர், தேத்தண்ணிக்கு வச்ச கேக்கில எதிரணி அக்கா ரெண்டாம் துண்டும் எடுத்தத நீங்களும் பாத்தீங்க, நானும் பாத்தன். அதுக்குள்ள போன வாரத்து மஸ்கற் கிடக்கு எண்டு மேசையில எழுதியே வச்சிருந்தது. தீர்ப்ப எங்கட பக்கம் தாங்க, வணக்கம்.