சென்னாக்குன்னி: குழம்புக்கு முன்னால் கொஞ்சம் கொறிக்க

வணக்கம் மக்களே. கேமராவுக்குக் கிட்டத்தில் பிடிக்கிறேன், பாருங்கள். உள்ளங்கையில் இருப்பது சென்னாக்குன்னி, அதாவது காய்ந்த பொடி இறால். காய்ந்து சுருண்டு கிடக்கிறது. தலைப்பக்கம் ஊசிமுனையில் மை தொட்டு வைத்த மாதிரி இரண்டு புள்ளிகள் தெரிகிறதா? அவைதான் கண். இதை இறால் குஞ்சு என்று நினைத்து, "ஐயோ, குஞ்சையெல்லாம் பிடித்துக் காயப்போடுகிறார்களே" என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. இது தனி இனம், வளர்ந்தாலே இவ்வளவுதான். கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வரும், சின்னக் கண்ணி வலையில் அள்ளுவார்கள். அள்ளும்போது வேறு குஞ்சுகளும் சேர்ந்து வருவது உண்டு, அது வேறு கதை. சில ஊர்களில் இதற்குக் கூனி என்றே பெயர்.

நம் வீடுகளில் இதைக் கத்தரிக்காய்க் குழம்பில் தூவுகிற சாமானாக மட்டும் வைத்துவிட்டோம். என் கட்சி வேறு. சென்னாக்குன்னி முதலில் வறுத்துக் கொறிக்க வேண்டிய பொருள். அதை ஒழுங்காக வறுக்கத் தெரிந்துவிட்டால் குழம்பு, தொக்கு, பொடி எல்லாம் தானாகக் கைக்கு வரும். வறுக்காமல் போட்டவர்கள்தான் "எனக்கு அந்த நாற்றம் ஆகாது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

வறுப்பதற்கு முன்னால் வாங்க வேண்டுமே. பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

எப்போது வாங்குவது? மாசிக் கடைசி, பங்குனி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்கரையில் எதுவும் சரியாகக் காயாது. மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், வீட்டுக்கு வந்ததும் பூஞ்சை பிடிக்கும். சித்திரை பிறந்ததும் வேறு பிரச்சினை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. பச்சை மீன் வரத்து குறையும், எல்லோரும் கருவாட்டுக் கடைப் பக்கம் திரும்புவார்கள், விலை ஏறிவிடும். ஆடி மாதம் அம்மன் கோயில் கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்று அடுத்த கூட்டம் வரும். அதனால் வெயில் ஏறிக் கூட்டம் ஏறாத பங்குனிதான் நம்முடையது.

கடையில் குவியலைப் பார்த்ததும் ஒரு பிடி அள்ளி, இறுக்கி மூடித் திறங்கள். பொலபொலவென்று உதிர வேண்டும். உருண்டையாக ஒட்டிக்கொண்டால் ஈரம் இருக்கிறது, அப்படியே வைத்துவிடுங்கள். அப்புறம் கையைத் தட்டிவிட்டு உள்ளங்கை ரேகையைப் பாருங்கள். மணல் மினுக்கினால் வெறும் கடற்கரை மணலில் கொட்டிக் காயவைத்தது. வலை விரித்தோ சிமெண்டுக் களத்திலோ காய்ந்ததில் இவ்வளவு மணல் வராது. ஒன்றை எடுத்து ஒடியுங்கள், டக்கென்று ஒடிய வேண்டும், வளையக் கூடாது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கடல் வாடை வரலாம், கண்ணைக் கரிக்கிற அம்மோனியா வாடை வரக் கூடாது. தலையெல்லாம் கறுத்திருந்தால் பிடித்த பிறகு தாமதமாகக் காயப்போட்டது. அசாதாரணமாகப் பளீர் ஆரஞ்சில் ஜொலித்தால் எனக்குச் சாயம் மேல்தான் சந்தேகம் போகும்.

இன்னொரு விஷயம், கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "சாப்பாட்டுக்கா, தீவனத்துக்கா?" கோழித் தீவனத்துக்கென்று போகிற குவியல் தனி. அதில் மணலும் கழிவு மீனும் கலந்திருக்கும், விலையும் குறைவு. மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள்.

சரி, அடுப்புக்கு வருவோம். அடி கனத்த இரும்பு வாணலி, சின்னத் தீ, எண்ணெய் கிடையாது. சென்னாக்குன்னியைக் கொட்டிக் கிளறிக்கொண்டே இருங்கள். கை நின்றால் கருகும். முதல் இரண்டு நிமிடம் வீடு முழுக்க வாடை அடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் நல்லுறவோடு இருங்கள். அப்புறம் பாருங்கள், வாடை மாறும். அதோடு கரண்டிச் சத்தமும் மாறும். முதலில் மொத் மொத்தென்று இருந்தது இப்போது சலசலவென்கிறது, கேட்கிறதா? நிறமும் ஏறிவிட்டது. வேகவைக்காமல் வெயிலில் மட்டும் காய்ந்ததால் வெளுப்பாக இருந்தது. அஸ்டாசாந்தின் என்கிற நிறமி புரதத்தோடு பிணைந்து கிடக்கும், சூடு பட்டதும் பிணைப்பு விட்டுச் சிவப்பு வெளியே வருகிறது. அடுப்பை அணைத்துவிடலாம்.

சூடு ஆறியதும் முறத்தில் கொட்டி, உள்ளங்கையால் லேசாகத் தேயுங்கள். மீசை, கால் எல்லாம் உதிரும். இரண்டு புடை புடைத்தால் பறந்துவிடும். கடைசியாகச் சல்லடையில் அலைத்தால் மிச்ச மணலும் கீழே போய்விடும். முறம் இல்லையென்றால் அகலமான தட்டில் போட்டு மெல்ல ஊதுங்கள். குழம்புக்கு என்றால் இதற்குப் பிறகு தண்ணீரில் ஒரு அலசு அலசிக்கொள்ளலாம். கொறிக்கவும் பொடிக்கவும் தண்ணீர் காட்டவே கூடாது. முதலிலேயே கழுவிவிட்டு வறுக்கிறவர்களுக்குத்தான் அது சவசவவென்று வருகிறது.

இப்போது வறுவல். நல்லெண்ணெய் இரண்டு கரண்டி, கிள்ளிய காய்ந்த மிளகாய், தோலோடு தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கை. வெங்காயம் சுருண்டு ஓரம் சிவக்கும்வரை பொறுமை வேண்டும். அதன் ஈரம் முழுக்கப் போனபிறகுதான் சென்னாக்குன்னி உள்ளே போகும். இரண்டு புரட்டு, அடுப்பை அணை. உப்பு? முதலில் ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். கடல் உப்பே அதில் இருக்கும், பெரும்பாலும் மேற்கொண்டு வேண்டியதில்லை. கேழ்வரகுக் கூழுக்கு இதைவிட நல்ல தொடுகறி எனக்குத் தெரியாது. பழைய சோற்றுக்கும் ஆகும். எதுவும் இல்லாமல் சும்மாவே தட்டு காலியாகும், அதுவும் நடக்கிறது.

காயோடு சேர்ப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீர்க்காய்க்கு இது அருமை: சுரைக்காய், பீர்க்கங்காய். தனக்கென்று ருசி அதிகம் இல்லாத காய், இதன் சாரத்தை இழுத்துக்கொள்ளும். பச்சை இறாலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது போனபின் மிஞ்சுவது செறிந்த ருசி, அதனால் ஒரு கைப்பிடி ஒரு சட்டிக்குப் போதும். முருங்கைக்கீரைப் பொரியலில் கடைசியாகத் தூவுங்கள். பொடி என்றால் வறுத்த தேங்காய், மிளகாய், கொஞ்சம் புளி, பூண்டு சேர்த்து ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மிக்ஸியில் மாவாக்கிவிடாதீர்கள்.

இதைக் கொறிப்பதில் நம்மைவிடப் பர்மாக்காரர்கள் கெட்டி. காய்ந்த இறாலை இடித்து, பொரித்த பூண்டு, வெங்காயம், மிளகாயோடு சேர்த்துப் பாலாச்சாங் என்று ஜாடியில் வைத்திருப்பார்கள். சோற்றுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் அத்தோ, மொய்ங்கா என்கிற நூடுல்ஸ் பண்டங்களைச் சென்னைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அத்தோ பிரபலமான அளவுக்குப் பாலாச்சாங் ஆகவில்லை. எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. தனி வீடியோ போடுகிறேன்.

எச்சரிக்கை ஒன்று. இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, காய்ந்தது, வறுத்தது, பொடித்தது எல்லாமே ஆகாது. அலர்ஜிக்குக் காரணமான புரதம் சூட்டுக்கு அசைவதில்லை. விருந்தாளிக்குக் கீரையில் தூவிக் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். அவர்கள் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

மீதியை நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். வறுத்து வைத்தால் வண்டு சீக்கிரம் வராது, அவசரத்துக்கு நேராகச் சட்டியில் போடலாம். ஈரக் கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

சரி மக்களே, கூழ் கரைத்து வைத்திருக்கிறேன், நான் சாப்பிடப் போகிறேன். உங்கள் ஊரில் இதை எந்தக் காயோடு போடுவீர்கள் என்று எழுதுங்கள். அவரைக்காயோடு போடுகிறவர்கள் செய்முறையையும் சேர்த்து எழுதுங்கள்.