ஓடும் கற்களும் ஓயாத கதைகளும்

மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் புவியியல் பேராசிரியப் பெருமக்களே, அரங்கம் தந்து உதவிய நூலகர் அம்மா அவர்களே, விடுமுறைக்குக் கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவுக்குக் கிளம்பக் காத்திருக்கும் குடும்பத்தினரே, மாணவச் செல்வங்களே, வணக்கம். வரவேற்புரை ஆற்றிய செயலாளர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

அமெரிக்க மேற்குப் பாலைவனத்தின் மூன்று விந்தைகள் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். 1856-ல் டெக்சாஸ் கரையில் இறங்கிய ராணுவ ஒட்டகங்கள், அரிசோனா மலையில் தொலைந்ததாகச் சொல்லும் தங்கச் சுரங்கம், டெத் வேலியின் ஓடும் கற்கள். கற்களிலிருந்து தொடங்குகிறேன்.

ரேஸ்டிராக் பிளாயா என்பது டெத் வேலியில் உள்ள வறண்ட ஏரிப்படுகை. நாலரை கிலோமீட்டர் நீளம். அங்கே கற்கள் கிடக்கின்றன, பின்னால் நீளமாகத் தடம் கிடக்கிறது. தள்ளியவர் யார்? காந்தம் என்றார்கள், சூறைக்காற்று என்றார்கள், குளிர்காலத்தில் உறையும் பனித்தட்டு என்றார்கள், வேற்றுக்கிரகவாசி என்றார்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்! இங்கே அப்போது கண்ணால் கண்டவர்கூட இல்லை.

1970-களில் ஷார்ப், கேரி என்ற இரு ஆய்வாளர்கள் அரைக் கிலோ கல்லொன்றைச் சுற்றி ஏழு இரும்புக் கம்பிகளை நட்டார்கள். பனித்தட்டு இழுக்கிறதென்றால் கம்பியில் மாட்டிக்கொள்ள வேண்டுமே! முதல் குளிர்காலத்திலேயே கல் கம்பிகளுக்கு நடுவே புகுந்து 8 மீட்டர் தாண்டிப் போய்விட்டது. அப்படியானால் பனி தேவையில்லை என்று முடிவு கட்டினார்கள். தீர விசாரித்ததாகத்தான் அவர்களும் நினைத்தார்கள்.

பிறகு வந்தார்கள் ரிச்சர்ட் நாரிஸும் ஜேம்ஸ் நாரிஸும். அங்குள்ள கல்லைத் துளைக்கப் பூங்கா நிர்வாகம் அனுமதிக்கவில்லை. வெளியிலிருந்து 15 சுண்ணாம்புக் கற்களைக் கொண்டுவந்து, குடைந்து, ஜி.பி.எஸ். பொருத்தி வைத்தார்கள். 2013 டிசம்பரில் போனால், படுகையில் ஆழமில்லாத குளம், மேலே 3 முதல் 6 மில்லிமீட்டர் பனி, ஜன்னல் கண்ணாடி அளவுக்கு. முற்பகல் வெயிலில் அது உடைந்தது. நொடிக்கு நாலைந்து மீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று. பரந்த பனித்துண்டுகள் கற்களைத் தள்ள, நிமிடத்துக்கு 2 முதல் 5 மீட்டர் வேகத்தில் சேற்றில் நகர்ந்தன கற்கள்! இதில் ஒன்று பிசகினாலும் நடக்காது: தண்ணீர் கூடினால் கல் மூழ்கிவிடும், குறைந்தால் பனி மிதக்காது. கம்பிச் சோதனை ஏன் ஏமாற்றியது? இவ்வளவு மெல்லிய பனி கம்பியில் பட்டதும் நொறுங்கி விலகிவிடும். தீர விசாரிப்பதே மெய்!

ஒட்டகத்தையும் சுரங்கத்தையும் தலைவர் அனுமதியோடு அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. ஈரமான படுகையில் ஒரு காலடி பதிந்தால் பல ஆண்டு நிற்கும். அடுத்த வெள்ளம் வந்து மண் இளகினால்தான் அழியும், வெள்ளமோ அபூர்வம். 2016-ல் ஒரு வண்டி உள்ளே ஓடிக் கிழித்த தடத்தை ஆட்கள் தண்ணீர் தெளித்து வாரிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கல்லை எடுத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

உபெஹீபி எரிமலைவாயிலிலிருந்து படுகைக்கு 27 மைல் மண்சாலை. கூரிய கல் டயரைக் கிழிக்கும், முழு அளவு மாற்று டயர் எடுத்துப் போங்கள். தரை ஈரமாக இருந்தால் கரையிலேயே நில்லுங்கள், குழந்தைகளையும் இறங்க விடாதீர்கள். இந்த அறிவிப்பைத் தமிழில் அச்சடித்து வாசலில் வைத்திருக்கிறோம், காருக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.