இரண்டு வண்டிகள், ஓர் எழுத்து

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவின் பழைய ‘மஸில்’ கார்களை, அதாவது பெரிய எஞ்சின் பொருத்திய வேக வண்டிகளை, சேகரிப்பவர்கள் ஓயாமல் வழக்காடும் இரண்டு 1970-ஆம் ஆண்டு வண்டிகளை, பிளிமத் ஹெமி குடாவையும் செவர்லே செவெல் எஸ்.எஸ். 454-ஐயும், இன்று அருகருகே நிறுத்திப் பார்க்கலாம்.

வேகத்தை விரைவில் முடித்துவிடுகிறேன். செவெலில் கிடைத்த மிக வலிய எஞ்சினான எல்.எஸ்.6-க்கு 450 குதிரைத்திறன் என்றும் குடாவின் ஹெமி எஞ்சினுக்கு 425 என்றும் அன்று அறிவித்தார்கள். எஞ்சினைத் தனியே ஓடவிட்டு அளந்த கணக்குகள் அவை, ஆகவே அந்த 25-க்காக மல்லுக்கட்டுவதில் பொருளில்லை. சேகரிப்பவர் கேட்க வேண்டியது, இந்த வண்டி இந்த எஞ்சினோடுதான் ஆலையை விட்டு வந்ததா என்பதே.

குடாவின் அடையாள எண்ணில் ஐந்தாவதாக ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அது ஹெமியோடு பிறந்த வண்டி. செவெலின் எண்ணோ வி8 என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். போலிகள் பிழைப்பது அந்த மௌனத்தில்தான்.

நான் மிச்சிகனில் இருந்தபோது, நண்பர் வாங்கவிருந்த செவெல் ஒன்றைப் பார்க்க உடன் சென்றேன். பெயின்ட் கண்ணாடிபோல் மின்னியது. எஞ்சினின் முன்புறம், வலப்பக்க சிலிண்டர் ஹெட்டை ஒட்டிய சிறு தட்டைப் பரப்பில், நான்கு கியர் எல்.எஸ்.6-க்குரிய ‘சி.ஆர்.வி.’ குறி ஒழுங்காகவே இருந்தது. ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தால், ஆலை இயந்திரம் சீவும்போது விழுகிற மெல்லிய இணைகோடுகளில் ஒன்றுகூட இல்லை, விரல் வழுக்கியது. எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்யும்போது பரப்பைச் சீவினாலும் கோடுகள் அழியும் என்பது உண்மைதான், ஆனால் கோடுகளை அழித்த உளி எழுத்துகளை மட்டும் விட்டுவைக்குமா? அப்படியானால் அந்த எழுத்துகள் பிற்பாடு அடித்தவை. எழுத்தை மட்டும் படிக்காதீர்கள், எழுத்து இருக்கும் பரப்பையும் படியுங்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. நண்பர் முன்பணம் கொடுக்காமல் திரும்பினார்.

செவெலுக்கு நல்ல சாட்சி, எந்த எஞ்சினைப் பொருத்துவது என்று குறித்து, ஆலையில் வண்டியோடு பயணித்த தயாரிப்புத் தாள். பெட்ரோல் டேங்கின் மேல் மடிந்து கிடந்து பல வண்டிகளில் அகப்பட்டிருக்கிறது.

நிலையத்தார் கைகாட்டுகிறார்கள். 1970-இல் தயாரான ஹெமி குடாவில் கூரையுள்ளவை 652, திறந்த கூரையுடையவை 14, எல்.எஸ்.6 எஞ்சின்களோ 4,475. விலை வித்தியாசம் அங்கிருந்து வருகிறது. துருவைப் பற்றி ஒரே வரி: கூரைமேல் வினைல் என்ற பிளாஸ்டிக் உறை ஒட்டிய வண்டியென்றால் பின்கண்ணாடியின் கீழ் விளிம்பை முதலில் அழுத்திப் பாருங்கள். வணக்கம்.