டிராம் போன தடத்தில் இரண்டு பையன்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு ஜப்பானிய அனிமேஷன் படம். பெயர் 'கலர்ஃபுல்'. 2010-ஆம் ஆண்டு வந்தது. இயக்கியவர் கெய்ச்சி ஹரா. இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் ஷின்-சான் என்கிற வாலுப் பையனை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். அந்த ஷின்-சான் திரைப்படங்கள் பலவற்றை இயக்கியவர் இவர்தான். குழந்தைகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த மனிதர், ஐம்பது வயதைத் தொட்ட நேரத்தில், வாழவே பிடிக்காமல் போன ஒரு பள்ளி மாணவனின் கதையைக் கையில் எடுத்தார். எட்டோ மோரி என்ற எழுத்தாளர் 1998-இல் எழுதிய நாவல்தான் மூலக்கதை.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டி, முடிந்ததும் விளக்கைப் போட்டு அவர்களைப் பேச வைப்பது நான் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை. வழக்கமாகப் படம் முடிந்ததும் நாற்காலிகள் நகரும், வாசல் பக்கம் கூட்டம் போகும். இந்தப் படம் முடிந்தால் மட்டும் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அது ஏன் என்பதைத்தான் இன்று உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் உயிர், உடலைவிட்டுப் பிரிந்து, எங்கேயோ வரிசையில் நிற்கிறது. புராபுரா என்று ஒரு சின்னப் பையன், சாம்பல் நிற முடியோடு எதிரே வருகிறான். "வாழ்த்துகள், குலுக்கலில் உனக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்கிறான். என்ன பரிசு? மறுபடி பூமிக்குப் போய் வாழ்ந்து பார்க்க ஒரு வாய்ப்பு. அந்த உயிர் என்ன சொல்கிறது தெரியுமா? எனக்கு வேண்டாம் என்கிறது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மறுவாய்ப்பு என்றால் உடனே நாம் கைநீட்டி வாங்கிக்கொள்கிற ஒன்றாகத்தான் கதைகளில் பார்த்திருக்கிறோம். மனம் வெறுத்துப்போன பிள்ளைக்கு மறுவாய்ப்பும் ஒரு சுமையாகத்தான் படும். இதைப் புரிந்துகொண்டவர் எடுத்த படம் என்பது முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடுகிறது.

வேண்டாம் என்றாலும் விடவில்லை. மகோட்டோ கொபயாஷி என்கிற பதினான்கு வயதுப் பையனின் உடலுக்குள் அந்த உயிரை அனுப்பிவிடுகிறார்கள். மகோட்டோ தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மருத்துவமனையில் கிடப்பவன். இறந்துவிட்டான் என்று நினைத்தவன் கண் திறக்கிறான், குடும்பமே அழுது சிரிக்கிறது. உள்ளே இருப்பது வேறு உயிர் என்பது அவர்களுக்குத் தெரியாது. முன்பு வாழ்ந்தபோது தான் செய்த பெரிய தவறு என்ன என்பதை ஆறு மாதத்துக்குள் அந்த உயிர் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும், அதுதான் நிபந்தனை. அந்த முடிச்சு கடைசியில் எப்படி அவிழ்கிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. நீங்களே பார்க்க வேண்டும்.

சரி, மகோட்டோவுக்கு என்ன குறை? படிப்பில் கடைசி. பள்ளியில் நண்பன் என்று ஒருவனும் கிடையாது. அண்ணன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மனதுக்குள் விரும்பிய ஹிரோக்கா என்ற பெண், பணத்துக்காக ஒரு வயதான ஆளோடு போவதைப் பார்க்கிறான். அதே நாளில் அம்மா வேறொருவரோடு இருப்பதையும் பார்த்துவிடுகிறான். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்தால், காலம் போனால் ஆறிவிடும் என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். பதினான்கு வயதில் காலம் போகும் என்பதே தெரியாதே. அன்றைக்கு இருப்பதுதான் என்றைக்கும் இருக்கும் என்று தோன்றுகிற வயது அது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படத்தில் மகோட்டோவைக் காப்பாற்ற எல்லோரும் முயற்சி செய்கிறார்கள். அம்மா விதவிதமாகச் சமைத்து வைக்கிறாள், அவன் தொடமாட்டேன் என்கிறான். அப்பா மீன் பிடிக்கப் போகலாம் வா என்று கூட்டிப்போகிறார். ஷோகோ சானோ என்ற வகுப்புத் தோழி, நீ மாறிவிட்டாய், என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்று துளைக்கிறாள். காப்பாற்ற வந்தவர்கள் ஒருவருக்கும் அவன் சுலபத்தில் கதவைத் திறப்பதில்லை. கதவைத் திறக்க வைப்பவன், காப்பாற்றும் எண்ணமே இல்லாத ஒருவன். அவன் பெயர் சாவோட்டோமே. வகுப்பில் சாதாரணமாக வந்து போகிற பையன். அவனுடைய ஆர்வமெல்லாம் எப்போதோ நின்றுபோன ஒரு டிராம் வண்டியின் மேல்.

இந்த டிராமைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். படம் நடப்பது டோக்கியோவின் செட்டகயா பகுதியில், டாமா ஆற்றை ஒட்டிய தெருக்களில். 1907-இல் ஷிபுயாவிலிருந்து அந்த ஆற்றங்கரை வரைக்கும் ஒரு மின்சார டிராம் தடம் போட்டார்கள். ஆட்களை ஏற்றிப்போனது ஒருபுறம். ஆற்றில் அள்ளிய சரளைக் கல்லை நகரத்துக்குக் கொண்டுபோவதும் அதற்கு முக்கியமான வேலை. டோக்கியோ வளர வளர அதன் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் சரளை வேண்டியிருந்ததே. அதனால் சரளை வண்டி என்றுகூட அதற்கொரு பட்டப்பெயர் உண்டு. ஊர் மக்கள் செல்லமாக 'டாமாடென்' என்பார்கள். பிறகு கார்கள் பெருகின. அதே சாலையின் மேலே விரைவுச் சாலை கட்டும் திட்டம் வந்தது. நடுத்தெருவில் ஊர்ந்துபோகிற டிராமுக்கு இடமில்லாமல் போயிற்று. 1969 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். 1977-இல் அதே வழியில் பூமிக்கடியில் ரயில் வந்தது. பழைய டிராமின் கிளைத்தடம் ஒன்று மட்டும் தப்பிப் பிழைத்து, செட்டகயா தடம் என்ற பெயரில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சாவோட்டோமே பிறப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே போய்விட்ட வண்டி இது. அதில் அவன் ஏறியதே இல்லை. ஆனாலும் எந்தத் தெருவில் திரும்பியது, எங்கே நின்றது, அதன் மிச்சம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடித்தேடி நடக்கிறான். மகோட்டோவும் கூடவே நடக்கிறான். இரண்டு பையன்கள், பள்ளிச் சீருடையோடு, தண்டவாளமே இல்லாத தண்டவாளத்தின் மேல் நடந்துபோகிறார்கள். அவ்வளவுதான் காட்சி. வானொலியில் படத்தைக் காட்ட முடியாது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சாதாரணத் தெருவை நினைத்துக்கொண்டால் போதும், ஏனென்றால் ஹரா வரைந்து காட்டுவதும் சாதாரணத் தெருவைத்தான். மின்கம்பி, கடைப் பலகை, சிக்னல், பாலம். வண்ணம் கொட்டி அழகுபடுத்தவில்லை. கண்ணுக்குத் தெரிகிற உலகத்தை அப்படியே, புகைப்படம் எடுத்ததுபோல வரைந்திருக்கிறார்கள்.

நின்றுபோன வண்டியின் தடத்தை, நின்றுபோகவிருந்த ஒரு பையன் தேடிக்கொண்டு போகிறான் என்பதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் கெட்டுப் போயிருக்கும்.

அப்புறம் அந்தச் செருப்புக்கடை, இல்லை, காலணிக் கடை. மகோட்டோ ஆசைப்பட்டு விலை உயர்ந்த காலணி வாங்குகிறான். சில பையன்கள் அவனை அடித்துப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். சாவோட்டோமே அவனை மலிவாகக் கிடைக்கும் கடைக்கு அழைத்துப் போகிறான். பிறகு ஒரு கடை வாசலில், ஆவி பறக்கும் இறைச்சி பன்னை இரண்டாகப் பிட்டு ஆளுக்குப் பாதி. அம்மா சமைத்ததைத் தொடாதவன் அந்தப் பாதி பன்னைச் சாப்பிடுகிறான்.

ஒருமுறை படம் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், சாவோட்டோமே ஏன் அவன்கிட்ட எதுவுமே கேக்கல? என்ன ஆச்சு, ஏன் இத்தனை நாள் பள்ளிக்கூடம் வரலைன்னு கேக்கணும்ல?" நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் குரல் கொடுத்தான். அதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசாத பையன். "கேட்டிருந்தா அவன் கூட நடந்திருக்க மாட்டான்." அதற்குமேல் அவன் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் அவனைக் கேட்கவில்லை. ஆனால் அன்று போகும்போது நாற்காலிகளை அடுக்க அவன் தங்கினான். அடுத்தடுத்த கூட்டங்களிலும் தங்கினான். நாற்காலி அடுக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தான்.

இங்கே ஒன்றை நிறுத்தி, தெளிவாகச் சொல்ல வேண்டும். கேட்காமலே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பிள்ளை உயிரை விட்டுவிடும் எண்ணத்தில் இருக்கிறதோ என்ற சந்தேகம் வந்துவிட்டால், நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அன்றைக்கே கூட்டிப்போங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கே அப்படி ஓர் எண்ணம் இருந்தால், இந்த நிகழ்ச்சி முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நான் பேசுவது அதற்கு முன்னும் பின்னும் வருகிற சாதாரண நாட்களைப் பற்றி. அந்த நாட்களில், விசாரணை இல்லாமல் கூடவே நடக்க ஓர் ஆள் வேண்டும்.

இதே விஷயத்தை ஜப்பானில் ஒரு நூலகம் எவ்வளவு அழகாகச் செய்தது என்று சொல்கிறேன். அங்கே பல பள்ளிகளில் கோடை விடுமுறை முடிந்து இரண்டாம் பருவம் தொடங்குவது வழக்கமாகச் செப்டம்பர் 1. 1972 முதல் 2013 வரையிலான கணக்கை அரசு ஆராய்ந்தபோது, பதினெட்டு வயது வரையிலானவர்கள் தற்கொலை செய்துகொள்வது ஆண்டிலேயே அந்த நாளில்தான் அதிகம் என்று தெரியவந்தது. 2015 ஆகஸ்ட் கடைசியில் காமகுரா நகர நூலகம் ட்விட்டரில் ஒரு செய்தி போட்டது. அதன் சாரம் இது: பள்ளிக்குப் போவது சாகிற அளவுக்கு வேதனையாக இருந்தால், விடுப்பு போட்டுவிட்டு நூலகத்துக்கு வாருங்கள், இங்கே மங்கா படக்கதைகளும் உண்டு, நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். இதை நாடு முழுக்க எத்தனையோ ஆயிரம் பேர் பகிர்ந்தார்கள்.

யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். இந்த ஒரு வாக்குறுதியைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். புத்திமதி சொல்கிறோம், உதவுகிறோம் என்றெல்லாம் அந்த நூலகம் எழுதவில்லை. உட்கார ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான். சாவோட்டோமே தந்ததும் அதைத்தான்.

அப்படியானால் அம்மா அப்பாவுக்கு இதில் இடமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒரு சாப்பாட்டுக் காட்சி வருகிறது, படத்தின் உயிர் அதுதான். குளிர்காலம். மேசை நடுவே பெரிய பாத்திரத்தில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது, நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்து அதிலிருந்தே எடுத்துச் சாப்பிடுகிறார்கள். ஜப்பானில் நடுநிலைப் பள்ளியோடு கட்டாயக் கல்வி முடிகிறது. அதற்குமேல் எந்தப் பள்ளி என்பதை நுழைவுத் தேர்வுதான் முடிவு செய்யும். மகோட்டோவுக்கு ஓவியம் நன்றாக வரும். அதற்கென்றே ஒரு பள்ளியைக் குடும்பம் தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. முகம் கொடுத்துப் பேசாத அந்த அண்ணனும் சேர்ந்து தேடியிருக்கிறான். அவ்வளவு அக்கறையாக எடுத்து வைத்ததை மகோட்டோ வேண்டாம் என்கிறான். எனக்கு ஒரு நண்பன் கிடைத்திருக்கிறான், அவனோடு சேர்ந்து சாதாரணப் பள்ளிக்கே போகிறேன் என்கிறான். சொல்லும்போதே அழுகை வந்துவிடுகிறது. அம்மாவும் அழுகிறாள்.

படத்தின் தொடக்கத்திலும் அவன் வேண்டாம் என்றுதானே சொன்னான்? அது வாழ்க்கையே வேண்டாம் என்று சொன்னது. இந்த வேண்டாமுக்குள் வேறொன்று வேண்டும் என்கிற ஆசை இருக்கிறது. அதை அந்த அம்மா உடனே புரிந்துகொள்கிறாள். அவளுக்கு அவன் கொடுத்த தண்டனை கொஞ்சமல்ல. வாயில் வந்ததையெல்லாம் பேசியிருக்கிறான், தட்டைத் தள்ளியிருக்கிறான். மறுநாளும் அவள் சமைத்தாள். அவள் செய்தது தவறில்லை என்று படம் வாதாடவே இல்லை. தவறு செய்தவளும் மறுநாள் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறாள் என்று காட்டுகிறது. மறுவாய்ப்பு பிள்ளைக்கு மட்டுந்தானா, அம்மாவுக்கும் உண்டா என்ற கேள்வியைப் பெற்றோர் கூட்டங்களில் நான் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்குப் பிறகு கூட்டம் முடிய வெகு நேரமாகும்.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை வருகிறது. மகோட்டோ வரையும் ஓவியத்தைப் பற்றியும் ஹிரோக்காவைப் பற்றியும் நிறையச் சொல்ல வைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அழகான பொருள்கள் எல்லாம் பிடிக்கும், ஆனால் சில சமயம் அவற்றை நாசமாக்கிவிடத் தோன்றுகிறது, நான் பைத்தியமா என்று அந்தப் பெண் ஓவிய அறையில் கலங்கி நிற்கிறாள். மகோட்டோ சொல்லும் பதில், எல்லோரும் அப்படித்தான், ஒருவருக்குள்ளேயே பல வண்ணங்கள் இருக்கும் என்பது. சில நாட்களுக்கு முன்புவரை ஒரே நிறத்தைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாமல் இருந்தவன் இதைச் சொல்கிறான்.

2011-இல் பிரான்சின் அன்னசி அனிமேஷன் விழாவில் பார்வையாளர் விருது வாங்கிய படம் இது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஓடும். பெற்றோர்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள், பிறகு பிள்ளையோடு உட்காருங்கள். பார்த்து முடித்ததும் என்ன புரிந்தது என்று கேட்டுவிடாதீர்கள். அவர்களே பேசுவார்கள், அன்றைக்கு இல்லாவிட்டால் இன்னொரு நாள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு என் நன்றி. வணக்கம்.